கடிதத்தின் பின்பக்கம்

மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் அந்தக் கடிதம்.
ஆஸ்லாவின் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்து,
லெர்விக் துறைமுகத்தருகே வண்டி வந்து நிற்கும்,
பத்து நிமிடம் போதும் என்று பணிவாகச் சொல்லும்.
முதல் இரண்டும் அடுப்புக்குப் போயின.
மூன்றாவதன் பின்பக்கத்தில்
குட்டிக் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள்.
இரட்டை பதினொன்று. ஒற்றை நான்கு.
செத்துப் பிறந்தது ஒன்று.
கடைசியில், பென்சிலில்:
இடது, பட்டாணி அளவு.
எந்த ஆடு என்று கேட்டேன்.
"பார்க்கணும்" என்று சொல்லித் தொழுவத்துக்குப் போனாள்.

நான் படகில் கயிறு போடுகிறவன்.
யெல் தீவிலிருந்து அக்கரைக்கு இருபது நிமிடத் தண்ணீர்,
ஒரு நாளில் எட்டு முறை கடக்கிறேன்.
கம்பளி விற்க வருவாள், கடா வாங்க வருவாள்,
அத்தை மகளுக்குக் கல்யாணம் என்றால்
புயலிலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள்.
இதற்கு மட்டும்
காற்று பலம், புல் வெட்டணும், குட்டி போடும் காலம்.
"எனக்கு ஒண்ணும் இல்லை."
ஒன்றும் இல்லை என்று சொல்லவாவது
ஒருவர் வேண்டாமா?

இவள் அளவுக்கு ஆட்டு மடி அறிந்த கை
இந்தத் தீவில் கிடையாது.
மழையில் மண்டியிட்டு,
முகத்தை வேறெங்கோ திருப்பிக்கொண்டு,
விரலால் மட்டுமே பார்ப்பாள்.
பக்கத்துப் பண்ணை மாக்னி
ஒரு வாரம் கழித்து ஆட்டைக் கொண்டுவந்தபோது
"அது வலிக்குதுன்னு வாயால சொல்லணுமா உனக்கு?" என்று
போட்ட சத்தத்தில்
அவன் நாய் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது.

அவள் அம்மா நாற்பத்தொன்பதில் போனாள்.
அதை நாங்கள் பேசுவதில்லை.

கெஞ்சினேன். கத்தினேன்.
நான்கு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன்.
அதை அவள் கவனித்தாளா என்பது
இன்றுவரை எனக்குத் தெரியாது.

நேற்று ராத்திரி சணல் தேடப் போனவள்
குளியலறை அலமாரிக்குப் பின்னாலிருந்து
என் உறையை எடுத்து வந்தாள்.
தேநீர்க் கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
மலத்தைத் தொட்டு அனுப்பும் குச்சி, சின்னக் குப்பி,
தபால்தலைகூட வேண்டாத பதில் உறை.
தேதி பார்த்தாள். இரண்டு வருடம்.
"இது என்ன லௌரி?"
"படகு வேலை…" என்று தொடங்கினேன்.
"காற்று பலமா?" என்றாள்.

முதலில் சிரித்தது அவள்தான்.
பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு,
சந்தையில் கடா பேரம் முடிப்பதுபோல
என் உள்ளங்கையில் ஓங்கி அறைந்தாள்:
நீ தபாலில் போடு. நான் வண்டியில் ஏறுகிறேன்.

போட்டுவிட்டேன், இன்று காலை, படகுத்துறைப் பெட்டியில்.
விடுப்பு எடுத்ததால் எனக்குப் பதில்
இர்வின் பையன் கயிறு வீசினான், கோணலாக.
வாயைத் திறக்கவில்லை நான்.
காருக்குள் ஹீட்டர் ஓடியது.
அவள் வலது கை மேலங்கிக்குள் இருந்தது,
குளிருக்கு என்று நினைத்தேன்.
கண்ணாடியில் உப்பு நீர் அடித்து வழிந்தது,
வைப்பர் துடைத்தது, மறுபடி அடித்தது.

முகத்தை வேறெங்கோ திருப்பிக்கொண்டு
ஆஸ்லா சொன்னாள்:
"அன்னைக்கு எந்த ஆடுன்னு கேட்டியே."

இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது.
என் கையும் அந்த மேலங்கிக்குள் போனது.
எனக்குப் பார்க்கத் தெரியாது.
அவள்தான் என் விரலைப் பிடித்து
இங்கே என்று வைத்தாள்.